எட்டு ஆறாய்ப் போன பக்கம்

உக்காருங்க அண்ணாச்சி. அந்த ஓரத்துல வெயில் அடிக்கும், இந்தப் பக்கமா நகந்துக்கிடுங்க. மனு குடுத்திட்டியள்லா? அப்ப இனிமே பேரு கூப்பிடுத வரைக்கும் இங்கனதான். ஒம்பதரைக்குக் குடுத்தா எப்படியும் பதினொண்ணு ஆக்கிருவாவ. எனக்கு இது ஒம்பதாவது வாரம், அதனால தெரியும். நீங்க யாரைப் பாக்க வந்திருக்கிய? தம்பி மகனா. சரி, சரி. நான் என்ன ஏதுன்னு கேக்கல. இங்கன யாரும் கேக்க மாட்டாவ.

நான் வந்திருக்கது தங்கச்சி மாப்பிள்ளையப் பாக்க. பேரு கொம்பையா. ஆயுள் தண்டனை. அவன் உள்ள போயி பதிமூணு வருசம் ஆச்சு. அவன் செய்யல, அண்ணாச்சி. சிரிக்காதிய. இந்தக் கொட்டகையில உக்காந்திருக்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாவ, எனக்குத் தெரியும். ஆனா நான் மத்தவங்க மாதிரி சொல்லல. நான் ஏழு வருசமா அவன் செஞ்சான்னு சொல்லிக்கிட்டு இருந்தவன். பக்கத்தைக் காட்டி, வெரல வச்சுக் காட்டிச் சொன்னவன். இப்ப அவன் செய்யலன்னும் நான்தான் சொல்லுதேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு அவன் மேல ஒரு வெறுப்பும் கிடையாது. எங்க வீட்டுல கேக்காம என் தங்கச்சி கனியக் கூட்டிட்டுப் போயி கல்யாணம் பண்ணுனான், வாஸ்தவந்தான். அப்பா செத்த பொறவு அவள வளத்தது நான். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம். கேக்கல. அதெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன். அவன் வீட்டு வாசல நான் மூணு வருசம் மிதிக்கல, அது வேற விசயம், வேலை அப்படி.

நான் பாக்கது ஸ்கேன் பண்ணுத வேலை. ஜெராக்ஸ் கடைன்னு நெனைச்சிராதிய. பழைய பேப்பரெல்லாம், கம்பெனி ரெக்கார்டு, பத்திரம், ரிஜிஸ்தரு, எல்லாத்தையும் மெசின்ல விட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தி, சின்னதாக்கிக் குடுக்குற வேலை. என் பேரு ஆவுடையப்பன்னு சொன்னா திருநவேலி ஜங்சன் பக்கம் அந்தத் தொழில்ல இருக்கவங்களுக்குத் தெரியும். பத்தொம்பது வருசம் ஒரே இடம். ஜெயசிங் சார்னு முதலாளி. இப்ப நான் அங்க இல்ல. அத பொறவு சொல்லுதேன்.

கொம்பையா வேலை பாத்தது முக்கூடல் பக்கம் ஒரு நூல் மில்லுல. பகல் ஷிப்டு, சில நாளு கூடுதல் வேலை இருந்தா ராத்திரி எட்டு, எட்டரை ஆகும். அவன் ஊர்ல துரைப்பாண்டின்னு ஒருத்தன். பாதைத் தகராறு. ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சுக்கிட்டாவ. அதுக்கு அடுத்த வாரம், சாயங்காலம் ஏழு மணிக்கு, கொளத்துக் கரையில துரைப்பாண்டியக் குத்திப் போட்டுட்டாவ. அதப் பாத்தோம்னு ரெண்டு பேரு வந்தாவ. கொம்பையா மாதிரி இருந்துச்சுன்னு ஒருத்தரு, கொம்பையாவேதான்னு இன்னொருத்தரு. இவன் என்ன சொன்னான்னா, நான் அன்னைக்கு மில்லுல இருந்தேன், எட்டே காலுக்குத்தான் வெளிய வந்தேன்னு சொன்னான். புடிச்ச அன்னைக்கும் அதத்தான் சொன்னான், கோர்ட்டுலயும் அதத்தான் சொன்னான். மில்லுல கேட்டதுக்கு, பழைய நேர ரிஜிஸ்தரு எங்க கிடக்குன்னு தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டாவ. அத்தோட சரி. ஆயுள்.

கனியோட பிள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு. மதுமிதா. அந்தப் பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இதே கொட்டகையில வந்து உக்காருவா. வாரா வாரம். நான் போகாதேன்னு சொல்லுவேன். கேக்க மாட்டா. "அண்ணே, அவரு எட்டே காலுன்னா எட்டே காலுதான்" அப்படிம்பா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா.

பொறவு அந்த மில்லப் பூட்டிட்டாவ. பூட்டுனா ரெக்கார்டையெல்லாம் ஒழுங்கு பண்ணி, கம்ப்யூட்டர் வழியா மேல, கவர்மெண்டுக்கு அனுப்பணும்லா. அந்த வேலை எங்க கடைக்கு வந்துச்சு. பன்னெண்டு வருசத்து நேர ரிஜிஸ்தரு. நாப்பத்தோராயிரம் பக்கம். எங்க கிடக்குன்னு தெரியாத ரிஜிஸ்தரெல்லாம் லாரியில வந்து எறங்குது, பாத்துக்கிடுங்க.

எல்லாம் பழைய புள்ளி பிரிண்டர்ல அடிச்சது. மங்கலான ரிப்பனு. ஒவ்வொரு வரியிலயும் பேரு, தேதி, வந்த நேரம், போன நேரம், அதுக்கு அங்கிட்டு இன்னும் ரெண்டு மூணு கட்டம். நான் ஒத்த ஆளா ரெண்டு மாசத்துல ஸ்கேன் பண்ணி முடிச்சேன். கறுப்பு வெள்ளையில. சிக்கல் எங்கன வந்துச்சுன்னா, மேல அனுப்புத இணையதளத்துல ஒரு பைலு அஞ்சு எம்பிக்கு மேல ஏறாது. ஒரு மாசத்து ரிஜிஸ்தரு பன்னெண்டு எம்பி நிக்கி. ஜெயசிங் சாரு, "ஆவுடை, எப்படியாவது சின்னதாக்குய்யா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்தணும்"னாரு.

நம்ம கிட்ட அதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இந்த மவுசு வச்சு அமுக்குற புரோகிராம் இல்ல. கறுப்புத் திரையில எழுத்தா டைப் அடிச்சு ஓட விடுதது. கமாண்டுன்னு சொல்லுவோம். ஜங்சன்ல வேற யாருக்கும் அத ஓட்டத் தெரியாது. நானா படிச்சு, நானா பழகிக்கிட்டேன். அதுல ரெண்டு விதமா சுருக்கலாம். ஒண்ணு, பக்கத்துல என்ன இருக்கோ அத ஒரு புள்ளி மாறாம அப்படியே சுருக்கும். அதுல போட்டா ஏழு எம்பி வந்துச்சு. பத்தாது. இன்னொரு விதம் இருக்கு. அது பக்கத்துல இருக்க ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா பிச்சு எடுத்து, ஒண்ணு போல இருக்கதையெல்லாம் ஒரு கூட்டமா சேத்துக்கிடும். ஒரு பைல்ல ஆறுங்குத எண்ணு பத்தாயிரம் எடத்துல இருந்தா, பத்தாயிரத்தையும் வச்சுக்கிடாது. ஒரே ஒரு ஆறுக்குப் படம் வச்சுக்கிட்டு, இந்த இடத்துல அது, அந்த இடத்துல அதுன்னு குறிச்சு வச்சுக்கிடும். எவ்வளவு புத்தி பாருங்க. எது எது ஒண்ணு போல இருக்குன்னு அதுவா முடிவு பண்ணிக்கிடும். அதுக்கு நாம ஒரு எண்ணு குடுக்கணும். நாம ஒண்ணும் குடுக்கலன்னா புள்ளி தொண்ணூத்தி ரெண்டுன்னு அதுவா எடுத்துக்கிடும். அந்த எண்ணக் கொறைக்கக் கொறைக்க, கொஞ்சம் வித்தியாசமா இருக்கதையும் ஒண்ணுதான்னு சேத்துரும். பைலும் சின்னதாகும்.

தொண்ணூத்தி ரெண்டுல அஞ்சரை வந்துச்சு. அரை எம்பி எடக்கு பண்ணுது. நான் எழுவதுன்னு குடுத்தேன். மூணே காலு. ஜெயசிங் சாரு தோள்ல தட்டிக் குடுத்தாரு. நாப்பத்தோராயிரம் பக்கத்தையும் அப்படியே ஓட்டிட்டேன்.

ஒண்ணு பாத்தேன், இல்லங்கல. ஒரு பக்கத்துல தேதி வரிசையா வருது, இருவத்தாறு, இருவத்தேழு, திரும்பவும் இருவத்தாறு, இருவத்தொம்பது. சாருகிட்டக் காட்டுனேன். "யாருய்யா இதையெல்லாம் எடுத்துப் படிக்கப் போறா"ன்னாரு. எனக்கும் ரிப்பன் மங்கலாத்தான் இருக்கும்னு பட்டுச்சு. மூலப் பக்கத்த எடுத்து ஒத்துப் பாத்திருக்கலாம், மேசைக்கு அடியிலதான் கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை கெடு. பாக்கல.

அடுத்த மாசம் பேப்பரையெல்லாம் பழைய பேப்பர்க்காரன் அள்ளிட்டுப் போயிட்டான்.

அதுக்கு அடுத்த வருசம் கொம்பையா அப்பீலு மதுரையில வந்துச்சு. வக்கீலம்மா ஒருத்தவிய, ரெஜினான்னு பேரு, அவியதான் நடத்துனாவ. அவிய கனிகிட்ட சொல்லிருக்காவ, மில்லு நேர ரிஜிஸ்தரு மட்டும் கிடைச்சா கேஸ் திரும்பிரும்னு. கனி பஸ்ஸப் புடிச்சு நேரா எங்க கடைக்கு ஓடி வந்தா. மதியம் ரெண்டு மணி இருக்கும். மூச்சு வாங்குது அவளுக்கு.

"அண்ணே, அந்த மில்லு பேப்பரெல்லாம் ஒங்க கடையிலதான ஸ்கேன் பண்ணுனிய? அந்த நாளு பக்கம் இருக்கும்லா?"

"இருக்கும், உக்காரு"ன்னேன். தேதிய வச்சுத் தேடுனேன். ரெண்டு நிமிசம் ஆகல. கொம்பையா பேரு திரையில வந்துச்சு. போன நேரம், மாலை ஆறு பன்னெண்டு.

நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது. திரைய அவ பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்துல வெரல மட்டும் வச்சேன். அவ பாத்தா. ஆறு பன்னெண்டு. ஏழு மணிக்குக் கொலை. மில்லுல இருந்து அந்தக் கொளத்துக்கு சைக்கிள்ல முக்கா மணி நேரம்.

"இது தப்பா இருக்கும்ணே"ன்னா.

"கம்ப்யூட்டர் அடிச்சதம்மா. கம்ப்யூட்டருக்கு ஒன் புருசன் மேல என்ன பகை?"ன்னேன்.

அது மட்டுந்தான் சொன்னேன். அவ ரொம்ப நேரம் அந்தத் திரையவே பாத்துக்கிட்டு இருந்தா. அழல. தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேண்டான்னுட்டா. எந்திரிச்சுப் போறப்ப வாசல்ல நின்னு, "ஆறு வருசமா எங்கிட்டப் பொய் சொல்லிருக்காரு"ன்னா. ஆமாம்மான்னேன். வேற என்னத்தச் சொல்ல?

வக்கீலம்மாகிட்ட அந்தப் பக்கத்தக் காட்ட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், அண்ணாச்சி. காட்டுனா அவனுக்கு இன்னும் பாதகமாப் போயிரும்லா? கிடைக்கலன்னு சொல்லிருன்னேன். அவளும் கிடைக்கலன்னு சொல்லிட்டா. அப்பீலு தள்ளுபடி.

அன்னையில இருந்து கனி இந்தப் பக்கம் வரல. தாலியக் கழத்தி வச்சுட்டா. சேரன்மாதேவியில வீடு எடுத்து, தையல் கம்பெனிக்குப் போய் பிள்ளையப் படிக்க வச்சா. அவன் இங்கருந்து காயிதம் போடுவான். பிரிக்காமலே திருப்பி அனுப்பிருவா. பிள்ளை எங்க அப்பான்னு கேட்டா, பொய் சொல்லுதவங்களப் பத்தி நாம பேச வேண்டான்னு சொல்லுவா. பிள்ளையும் கேக்கத விட்டுருச்சு. இப்ப பதினஞ்சு வயசு அதுக்கு. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஏழு வருசமும் ரெண்டு பேரையும் நான் நல்லாப் பாத்துக்கிட்டேன். தீவாளிக்கு, பொங்கலுக்கு எங்க வீட்டுலதான். பழைய மாதிரி ஆயிட்டோம். கனி எங்கிட்ட நல்லாப் பேச ஆரம்பிச்சது அதுக்கு அப்புறந்தான்.

தண்ணி இருக்கா ஒங்ககிட்ட? குடுங்க. ரெண்டு மொடக்கு போதும்.

பத்து வாரத்துக்கு முன்னால, ஒரு திங்கக்கெழம. இசக்கியம்மான்னு ஒரு அம்மா கடைக்கு வந்தாவ. அந்த மில்லுல வேலை பாத்தவிய. வலது கையில ரெண்டு வெரலு கிடையாது. மில்லு மெசின்ல போனதுன்னு சான்று வாங்கணும், அதுக்கு அன்னைக்குள்ள தேதிப் பக்கம் வேணும்னாவ. எடுத்து பிரிண்டு போட்டுக் குடுத்தேன். அவிய கண்ணாடிய மாட்டிக்கிட்டு அங்கனயே நின்னு படிச்சாவ.

"ஐயா, நான் ஆறு நாப்பதுக்கு வெளிய போயிட்டதா போட்டிருக்கே."

"அப்படின்னா அப்படித்தாம்மா. ரிக்கார்டுல இருக்கதுதான் நான் குடுக்க முடியும்."

"எனக்கு வெரலு போனது எட்டரை தாண்டி. ஆசுபத்திரிச் சீட்டு இந்தா இருக்கு, எட்டு அம்பத்தஞ்சுன்னு டாக்டரு போட்டிருக்காரு. ஆறு நாப்பதுக்கு வீட்டுக்குப் போயிருந்தா என் வெரலு எப்படி மில்லுக்குள்ள கிடக்கும்?"

ரிப்பன் மங்கலா இருந்திருக்கும்மான்னு ஆரம்பிச்சேன். அவிய என்னைய விடல. அந்தப் பேப்பர மேசையில போட்டு, கையில மிச்சமிருக்க வெரல வச்சு வரிசையா தடவிட்டு வாராவ. "காலையில ஒம்பது மூணுக்கு வந்திருக்கேன். சரி. ஆறு நாப்பதுக்குப் போயிருக்கேன். சரின்னே வச்சுக்கிடுவோம். கடைசிக் கட்டத்துல மொத்தம் வேலை பாத்த நேரம் பதினொண்ணு முப்பத்தேழுன்னு போட்டிருக்கே, ஐயா. ஒம்பதுல இருந்து ஆறே முக்கா வரைக்கும் எண்ணுனா பதினொண்ணரை எப்படி வரும்? நான் அஞ்சாப்புதான் படிச்சிருக்கேன். நீங்க எண்ணிச் சொல்லுங்க."

எண்ணுனேன். எட்டு நாப்பதுன்னு வச்சாத்தான் கணக்கு நிக்கி. எட்டு ஆறாயிருக்கு. மங்கலான எட்ட ஆறோட கூட்டத்துல சேத்து, அந்த எடத்துல ஆறு படத்த ஒட்டி வச்சிருக்கு. மங்கலாக் கூட இல்ல, அண்ணாச்சி. நல்ல அழகான, தெளிவான ஆறு. சந்தேகப்படுததுக்கு ஒரு புள்ளி எடம் கிடையாது.

அந்த அம்மா போன பொறவு கடைக் கதவப் பாதி எறக்கிட்டேன். கொம்பையா பக்கத்த எடுத்தேன். பேர ரெண்டு தடவை தப்பா அடிச்சேன். வந்த நேரம் ஒம்பது ஒண்ணு. போன நேரம் ஆறு பன்னெண்டு. கடைசிக் கட்டம், மொத்தம், பதினொண்ணு பதினொண்ணு.

பதினோரு மணி நேரம், பதினோரு நிமிசம். ஒம்பது ஒண்ணோட கூட்டுங்க. எட்டு பன்னெண்டு வரும். அவன் எட்டே காலுன்னு சொன்னான். மூணு நிமிசந்தான் கூட்டிச் சொல்லிருக்கான்.

அந்தக் கட்டம் அன்னைக்கும் அங்கதான் இருந்துச்சு. கனி பக்கத்துல இருக்கப்ப, நான் வெரல வச்ச எடத்துக்கு வலது பக்கம் ரெண்டு அங்குலம். கமாண்டு பண்ணுன தப்புக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. திரையில என்ன தெரியுதோ அதத்தான மனுசன் படிப்பான்? கடைசிக் கட்டம் வரைக்கும் யாரு பாப்பா? பாக்கணும்னு தோணல. ஆறு பன்னெண்டப் பாத்ததும் எனக்குப் போதும்னு ஆயிருச்சு.

பொறவு நான் சும்மா இருக்கல. மூலத்துல இருந்து எடுத்த பெரிய பைலு எங்கயாவது கிடக்குமான்னு பழைய ஹார்டு டிஸ்க்கு எல்லாத்தையும் கழத்திப் பாத்தேன். கிடையாது. எடம் பத்தலன்னு நானே அழிச்சிருக்கேன். பழைய பேப்பர்க்காரனத் தேடிப் போனேன். அந்த ஆளு செத்துப் போயிட்டாரு. அவரு மகன் என்னையப் பைத்தியக்காரனப் பாக்க மாதிரி பாத்தான். மதுரைக்கு ரெஜினா வக்கீலம்மாகிட்டப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். அவிய நான் சொன்ன எண்ணையெல்லாம் குறிச்சுக்கிட்டாவ. பொறவு கேட்டாவ, "அஞ்சு எம்பிதான் ஏறும்னா, ஒரு மாசத்த ரெண்டு பைலா பிரிச்சு ஏத்திருக்கலாமே? எதுக்கு இவ்வளவு சுருக்குனீங்க?"

அது தோணவே இல்ல, அண்ணாச்சி. ஏழு எம்பிய ரெண்டாப் பிரிச்சா மூணரை. ஒரு புள்ளி மாறாம இருந்திருக்கும். யாருக்கும் தோணல.

வக்கீலம்மா சொன்னாவ, நீங்க ஒரு பிரமாண வாக்குமூலம் குடுங்க, என்ன கமாண்டு, என்ன எண்ணு, அது எப்படி எழுத்த மாத்தும், எல்லாத்தையும். அந்த மொத்த நேரக் கட்டம் இருக்கு, இசக்கியம்மா ஆசுபத்திரிச் சீட்டு இருக்கு. போதுமான்னு தெரியாது, ஆனா கோர்ட்டுக்குத் திரும்பப் போறதுக்கு ஒரு வழி இருக்குன்னாவ. நான் அங்கனயே கையெழுத்துப் போட்டுட்டேன். யோசிக்கல. நான் சுருக்கின நாப்பத்தோராயிரம் பக்கத்தையும் நம்பக் கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஜெயசிங் சாரு மறுநாளே என்னைய வர வேண்டான்னுட்டாரு. பத்தொம்பது வருசம். போகட்டும். என்னால ஆனது எல்லாத்தையும் செஞ்சுட்டேன். இனி கொம்பையா வக்காலத்துல ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் பாக்கி. இந்தா, பையிலதான் இருக்கு. ஒம்பது வாரமா இருக்கு.

மொத வாரம் வந்தான். நீங்களும் உள்ள போனாப் பாப்பிய, நடுவுல கம்பி வலை, அந்தப் பக்கம் முப்பது பேரு, இந்தப் பக்கம் முப்பது பேரு, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாவ. நானும் கத்துனேன். எட்டு ஆறான கதையக் கத்திக் கத்திச் சொன்னேன். தலையெல்லாம் நரைச்சிருக்கு அவனுக்கு. வலையில கை வச்சுக்கிட்டு, கண்ண எடுக்காம கேட்டான். முடிச்சதும் கேட்டான்,

"மச்சான், கனிக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல மாப்பிள்ளை. மொதல்ல ஒங்கிட்டத்தான் சொல்லணும்னு ஓடி வந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு? நான் எட்டே காலுக்குத்தான் வெளிய வந்தேன்னு எனக்குத் தெரியாதா?"

வக்காலத்த எடுத்துக் காட்டுனேன். அவன் அதப் பாக்கல. "அவ வந்து போடச் சொல்லட்டும், போடுதேன். அவ வராம நான் வெளிய வந்து எந்த வீட்டுக்குப் போக?"ன்னான். திரும்பிப் போயிட்டான். நேரம் இன்னும் அஞ்சு நிமிசம் இருந்துச்சு, அதுக்குள்ள போயிட்டான்.

அதுக்குப் பொறவு எட்டு வாரமா நான் மனு குடுக்கேன், அவன் வரலன்னு சொல்லி அனுப்புதான். இன்னைக்கும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு வாரம் மனசு மாறும்லா? அதான் விடாம வாரேன்.

கனிகிட்டயா? சொல்லணும். சொல்லாம இருப்பனா? மொத வாரம் மதுமிதாவுக்குப் பரிட்சை. நடுவுல போய் சொன்னா அந்தப் பிள்ளை படிப்பு கெட்டுரும். பொறவு கனிக்குப் பிரசர் ஏறிருச்சு. அதுக்கப்புறம் கம்பெனியில அவளுக்கு நேரம் சரியில்ல. சேரன்மாதேவி என்ன தூரமா, இங்கருந்து முக்கா மணி நேரம். ரெண்டு தடவை போனேன், அண்ணாச்சி. சத்தியமாப் போனேன். சோறு போட்டா, தின்னேன். "என்னண்ணே ஒரு மாதிரி இருக்கிய?"ன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன். அவ என் மூஞ்சிய அப்படி நம்பிப் பாக்கப்ப எப்படிச் சொல்ல? எனக்கு அவள விட்டா யாரு இருக்கா?

நீங்க ஒரு உதவி பண்ணுவியளா? நம்பரு தாரேன். நீங்களே ஒரு போனப் போட்டு, இந்த மாதிரி விசயம்னு சொல்லிருங்க. வேத்து ஆளு சொன்னா பதறாம கேப்பா. நீங்க பெரியவரு, பக்குவமாச் சொல்லுவிய. எழுதிக்கிடுதியளா?

...

சரி. சரி, அண்ணாச்சி. கோவப்படாதிய. தப்பா நெனைக்காதிய, கேட்டுப் பாத்தேன். இல்ல, நீங்க சொல்லுதது சரிதான். நான் பேசுதேன். இங்க வச்சே பேசுதேன். நீங்க மட்டும் எந்திரிச்சுப் போயிராதிய. பக்கத்துல இருங்க.

போன்ல மணி அடிக்குது.

கனி. அண்ணன்தாம்மா. வேலையா இருக்கியா? இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நான் பாளையங்கோட்டையில நிக்கேன். ஜெயிலுக்கு முன்னால. ஆமா, ஜெயிலுதான். வச்சிராத. கனி, வச்சிராத, நான் சொல்லுதத மட்டும் கேளு. கொம்பையா பொய் சொல்லல. எட்டு பன்னெண்டுக்குத்தான் வெளிய வந்திருக்கான். அந்தப் பக்கம் தப்பு. அதச் சுருக்குனது நான். எட்டு ஆறா மாறிப் போச்சு. அந்த வரியிலயே கடைசியில சரியான கணக்கு இருந்துச்சும்மா, நான் பாக்கல. பாக்காமத்தான் ஒனக்குக் காட்டுனேன். வக்கீலம்மாட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன், வேலையக்கூட...

கனி?

அண்ணாச்சி, லைன்ல இருக்கா. மெசின் ஓடுத சத்தம் கேக்குது.

ஆங், சொல்லும்மா. எப்பவா? எனக்கு எப்பத் தெரியும்னா கேக்க? அது வந்து. இசக்கியம்மான்னு ஒரு அம்மா வந்தாவ, அந்தத் திங்கக்கெழம. பத்து வாரம் இருக்கும். ஆமா. பத்து வாரம். ஆமாம்மா, ரெண்டு தடவை ஒன் வீட்டுக்கு வந்தப்பவும் தெரியும். சோறு திங்கப்பவும் தெரியும்.

சரி. சரிம்மா. ஒரு மணி வரைக்கும் மனு வாங்குவாவ. ஆதார் கார்டு எடுத்துக்க. சரி. அப்படியே செய்தேன்.

வச்சுட்டா.

வாராளாம். கம்பெனியில சொல்லிட்டு, பள்ளிக்கூடத்துல போய்ப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாராளாம். என்னைய இங்க நிக்கக் கூடாதுன்னுட்டா. நான் வாரப்ப நீ அங்க இருந்தா நான் திரும்பிப் போயிருவேன்னா. நீன்னு சொன்னா, அண்ணாச்சி. இதுவரைக்கும் ஒரு நாளு கூட என்னைய அவ நீன்னு சொன்னது இல்ல.

பேரு கூப்பிடுதான். ஆவுடையப்பன்னுதான் கூப்பிடுதான். இருங்க வாரேன்.

வர மாட்டேன்னுட்டானாம். பரவால்ல. அடுத்த மனுவுல அவ பேரு இருக்கும், வருவான்.

இந்தாங்க, இந்தக் கவரப் புடிங்க. வக்காலத்து உள்ள இருக்கு, வக்கீலம்மா நம்பரும் இருக்கு. அவன் கையெழுத்துப் போட்ட பொறவு ஜெயிலர் அத்தாட்சி வாங்கணும்னு சொல்லுங்க, அது அவளுக்குத் தெரியாது. அவ வாரதுக்கு முன்னாலயே ஒங்க பேரக் கூப்பிட்டா, வாசல்ல இருக்க அந்த டீக்கடைக்காரர்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. அவள அடையாளம் தெரியும் ஒங்களுக்கு. என் மூக்குதான் அவளுக்கும். கூட ஒரு பிள்ளை, பள்ளிக்கூட உடுப்புல, ரெட்டைச் சடை போட்டிருக்கும். அது அப்பனப் பாத்து ஏழு வருசம் ஆச்சு. உள்ள போனா ரொம்பச் சத்தமா இருக்கும், பயந்துராதேன்னு மட்டும் அதுகிட்டச் சொல்லுங்க.

நான் அந்த மரத்துக்கு அங்கிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால நிக்கேன். அங்கருந்து வாசல் தெரியும். நான் நிக்கத அவகிட்டச் சொல்லாதிய.